நாற்பத்தொரு இன்சுலேட்டர்கள்

மூன்றாவது தடவை எண்ணியபோதும் நாற்பத்தொன்றுதான் வந்தது.

ஸ்டோர் கீப்பர் தரையில் குந்தியபடியே அந்தக் குவியலைப் பார்த்தார். எல்லாம் உடைந்த இன்சுலேட்டர்கள். மின்கம்பத்தின் தலையில் உட்கார்ந்து கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்கள். போன மாதம் அடித்த காற்றில் ஒன்றுக்கு விரிசல், ஒன்றுக்கு மூக்கு போயிருந்தது, ஒன்றுக்குப் பாதி உடம்பே இல்லை. தலைக்கு மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டு மனதுக்குள் பெருக்கினார். நூற்று இருபத்து மூன்று.

"என்ன சார், திரும்பத் திரும்ப எண்றீங்க? ராத்திரியில குட்டி ஏதாவது போட்டிருக்குமா?" என்றார் வாட்ச்மேன்.

"போட்டாலும் போடும்யா. என் நேரம் அப்படி இருக்கு."

அவருடைய நேரத்தைக் கெடுத்தது ஒரு சுற்றறிக்கை. மின்சார நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று பூமியின் மேல் அக்கறை வந்துவிட்டது. மறுசுழற்சிக்குப் போகக்கூடிய எல்லாவற்றையும் பிரித்து அனுப்பிவிட வேண்டும். எதற்கும் உதவாத மிச்சம் மட்டுமே பச்சைத் தொட்டியில் விழ வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை லாரி வந்து அதைக் குப்பைமேட்டுக்கு அள்ளிப் போகும். ஒவ்வொரு அலுவலகத்தின் எடையும் அறிக்கையில் ஏறும். இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. கடைசிப் பத்தியில்தான் விஷமம் இருந்தது. ஒரு வளாகத்தில் எந்த அலுவலகத்தின் குப்பை மற்றவற்றைவிடக் கனமோ, அதன் பொறுப்பாளர் 'கூடுதல் பயிற்சி பெறும் பொருட்டு' அனல்மின் நிலையத்தின் சாம்பல் கிடங்குக்கு ஆறு மாதம் மாற்றப்படுவார். ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சாம்பல் கிடங்கு பஸ்ஸில் பதினோரு மணி நேரம். போய் வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இருமியதோடு சரி.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் ஸ்டோர் கீப்பர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். இந்த வருஷம் முடியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர் மனைவிக்கு இப்போதுதான் எட்டு மாதம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி அடுத்த மாதம் பதினாறு. அந்தத் தேதியை அவர் பர்ஸில் ஒன்று, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று, ஸ்டோர் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் ஒன்று என்று மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தார்.

வளாகத்தில் இருந்தது நாலே அலுவலகங்கள். ஸ்டோர், பில்லிங், மீட்டர் லேப், லைன் பிரிவு. கேட்டுக்குப் பக்கத்தில் நாலு பச்சைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. நாலில் ஒன்று தோற்றாக வேண்டும்.

இத்தனைக்கும் மறுசுழற்சி ஸ்டோர் கீப்பருக்குப் புதிதல்ல. செம்பு, அலுமினியம், இரும்பு, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய், கேபிள் சுற்றி வரும் மர உருளை, அட்டைப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஆள் உண்டு. வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தித்தான் வைப்பார். இந்தப் பீங்கானைத்தான் உலகத்தில் ஒருத்தரும் சீண்ட மாட்டேன் என்றார்கள்.

முதலில் லைன் பிரிவு ஃபோர்மேனிடம் போனார். மீசை என்றால்தான் அவரை வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, அந்த இன்சுலேட்டர் எல்லாம் நீங்க கம்பத்துலேருந்து கழட்டினதுதானே? நீங்களே திருப்பி எடுத்துக்கக் கூடாதா?"

மீசை மிகவும் வருத்தப்பட்டார். "எடுத்துக்கலாம் தம்பி. ஆனா பழசைக் கொடுத்தாத்தான் புதுசு தருவேன்னு சட்டம் பேசினது யாரு?"

"நான்தான்."

"ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னு நிக்க வெச்சு எண்ணி வாங்கினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?" என்று மீசை டீயை ஊதினார்.

செவ்வாய்க்கிழமை ஒரு வழி தென்பட்டது. கட்டட இடிபாடுகளை வாங்கிப் பொடித்து ரோட்டுக்கு அடியில் போடும் ஒரு குத்தகைக்காரரைப் பற்றி யாரோ சொன்னார்கள். போன் போட்டதும் அவர் தாராளமாகப் பேசினார்.

"பீங்கானா? எடுத்துக்கலாமே. முழுசா வேண்டாம், மிஷின் பல்லு போயிடும். உடைச்சு வெச்சிடுங்க, சாயங்காலம் வர்றேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கீப்பரும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு சுத்தியலோடு உட்கார்ந்தார்கள். மின்னலுக்கே அசையாமல் நிற்கும்படி செய்த சாமான் அது. ஒவ்வொன்றும் உயிரை வாங்கிவிட்டுத்தான் உடைந்தது. நாலு மணிக்கு நாற்பத்தொன்றும் சில்லு சில்லாகக் கிடந்தன. வாட்ச்மேனுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை.

குத்தகைக்காரர் வந்தார். குனிந்தார். ஒரு சில்லை எடுத்துத் திருப்பினார்.

"உள்ள இரும்புக் கம்பி இருக்கே."

"இன்சுலேட்டர்னா இருக்கும்ங்க."

"சிமென்ட் வேற ஒட்டியிருக்கு."

"அதுவும் இருக்கும்."

"அப்ப வேண்டாம் சார்," என்று சில்லை அதே இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டோர் கீப்பர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் அவரிடம் இருந்தது பழுதடைந்த இன்சுலேட்டர். அதை 'பரிசீலனையில் உள்ளது' என்று அட்டை கட்டி அலமாரியில் ஆறு மாதம் ஒளித்து வைத்திருக்கலாம். அந்த யோசனை இப்போதுதான் வந்தது. இப்போது அவரிடம் இருப்பது சந்தேகமே இல்லாத குப்பை.

அன்று சாயங்காலம் ஒரு மூட்டைச் சில்லை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மாடி வீட்டுக்குக் கீழே வீட்டுக்காரரின் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. செடிக்கு அடியில் பீங்கான் போட்டால் தண்ணீர் தேங்காது என்று எங்கேயோ படித்த ஞாபகம். சத்தம் போடாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து குரல் கேட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"செடிக்கு... காத்தோட்டம்."

மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதில் ஈயாடவில்லை என்பது இருட்டு கட்டுகிற நேரத்திலும் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். சுற்றறிக்கை, பீங்கான், சாம்பல் கிடங்கு எல்லாவற்றையும் சொன்னார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மாவால மாடிப்படி ஏறவே முடியாது. நடு ராத்திரியில வலி வந்தா நான் யாரைக் கூப்பிடறது? பதினோரு மணி நேரம் பொறுத்துக்கோன்னு குழந்தைகிட்ட சொல்லணுமா?"

"போக மாட்டேம்மா. எப்படியாவது எடையைக் குறைச்சிடறேன்."

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் முறை அவளுடையதாகிவிட்டதால், அவர் மண்ணைத் தட்டி மூடினார்.

விடிந்ததும் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். ஒரு கையில் ஓட்டை விழுந்த செருப்பு, இன்னொரு கையில் பீங்கான் சில்லு.

"சார், வாடகைதானே வாங்கறேன், உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

சில்லுகளைப் பொறுக்கி, அதே மூட்டையில் கட்டி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு புதன்கிழமை காலையில் திரும்பவும் அலுவலகம் வந்தார். கேட்டில் வாட்ச்மேன் இடது கையால் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"உள்ள வர்ற சாமானுக்குப் பதிவு உண்டு சார். நீங்க போட்ட ரூல்தான்."

"என்ன எழுதப் போறே?"

வாட்ச்மேன் நாணயமான மனிதர். யோசித்து, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'ஸ்டோர் கீப்பர் வீட்டிலிருந்து கொண்டு வந்த குப்பை, ஒரு மூட்டை.'

இதற்குமேல் நல்லவனாக இருப்பதில் பலனில்லை என்று ஸ்டோர் கீப்பருக்குத் தோன்றிவிட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், காதும் காதும் வைத்த மாதிரி ஒரு வாளி பில்லிங் தொட்டியில், ஒரு வாளி மீட்டர் லேப் தொட்டியில், மனசாட்சி உறுத்தாமல் இரண்டு வாளி லைன் பிரிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, மேலே காகிதத்தைப் பரப்பினார். கையைக் கழுவிக்கொண்டு போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குத் தன் தொட்டியைத் திறந்து பார்த்தவருக்குத் தலை சுற்றியது. விளிம்புவரை நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் ஒட்டிய பழைய அறிவிப்பு அட்டைகள் ஒரு கட்டு, அது பில்லிங். நசுங்கிய மீட்டர் மூடிகள். அது எந்த லேப் என்று கேட்கவே வேண்டாம். கிழிந்த ரப்பர் கையுறைகள், தார் அப்பிய துணி, எல்லாவற்றுக்கும் அடியில் யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று செருகிய ஒரு உடைந்த ஹெல்மெட். ஹெல்மெட்டில் மீசையின் கையெழுத்திலேயே 'ஃபோர்மேன்' என்று எழுதியிருந்தது.

வியாழக்கிழமை ஒருவரும் வருமுன் போய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே போனார். தோளில் மூட்டை. தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேர் தோளிலும் மூட்டை.



"நான் வாக்கிங் வந்தேன்," என்றார் மீசை.

"மூட்டையோடவா?" என்றார் பில்லிங் மேடம். ஒற்றை நாற்காலி நகர்ந்தாலும் மெமோ கொடுக்கிறவர்.

"டாக்டர் வெயிட் தூக்கச் சொல்லியிருக்கார். நீங்க?"

"சீக்கிரம் வந்து வேலையை முடிக்கலாம்னு."

மீட்டர் லேப்காரர் மட்டும் பொய் சொல்லத் தெரியாதவர். "நான் ஸ்டோர் தொட்டியில போட வந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பேசித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. அவரவர் குப்பையை அவரவர் எடுத்துக்கொள்வது. வளாகத்தில் இருக்கிற ஒரே எடை மெஷின் ஸ்டோரில்தான் இருக்கிறது, அதில் நாலு பேர் முன்னிலையில் நாலு தொட்டியையும் நிறுத்துப் பார்ப்பது. அப்புறம் யாரும் யார் தொட்டியையும் தொடுவதில்லை. வாட்ச்மேன் சாட்சி.

பங்கு பிரிப்பது சொத்துத் தகராறு மாதிரி ஒன்றரை மணி நேரம் நடந்தது. "இந்தத் துணி எங்களோடது இல்லை." "தாரு வேற யார்கிட்ட இருக்கு, பில்லிங்லயா?" கடைசியில் தொட்டிகள் தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாக மெஷினில் ஏறின.

பில்லிங் நாற்பத்தொன்பது. மீட்டர் லேப் அறுபத்திரண்டு. லைன் பிரிவு எண்பத்தெட்டு.

ஸ்டோர் நூற்று இருபத்தேழு.

"நூத்தி இருபத்து மூணுதானே இருக்கணும்," என்றார் ஸ்டோர் கீப்பர், ஏதோ அந்த நாலு கிலோதான் தன்னைக் கவிழ்த்துவிட்டது போல.

"செடி மண்ணு ஒட்டியிருக்கு சார்," என்றார் வாட்ச்மேன்.

மற்ற மூவருக்கும் சட்டென்று அவர்மேல் பிரியம் பொங்கியது. மீட்டர் லேப்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். மீசை தோளில் கை போட்டு, "ஸ்டாண்டுல எனக்குத் தெரிஞ்ச கண்டக்டர் இருக்கான் தம்பி. ஜன்னலோர சீட்டு வாங்கிக் கொடுத்துடறேன்," என்றார். அவர் அதை உண்மையான அன்போடுதான் சொன்னார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"என் மனைவிக்குப் பதினாறாம் தேதி..." என்று ஆரம்பித்த ஸ்டோர் கீப்பர் பாதியிலேயே தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

பில்லிங் மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அவங்களா மாத்தினா ஒரு வாரத்துல போயாகணும். நீங்களா விருப்பப்பட்டுக் கேட்டா, போய்ச் சேர மூணு மாசம் டைம் உண்டு. குடும்பத்தோட குவார்ட்டர்ஸும் தருவாங்க. குழந்தை பிறந்து, கழுத்து நிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்."

"நிஜமாவா மேடம்?"

"நிஜம்தான். ஒரே சிக்கல், விருப்ப மாறுதல்னா மூணு வருஷம் அசைய முடியாது. அதுவும் நாளைக்கு லாரி வர்றதுக்குள்ள கொடுத்துடணும். எடை அறிக்கையில ஏறிட்டா விருப்பமெல்லாம் செல்லாது."

ஆறு மாதமா, மூன்று வருஷமா? ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவில் சாக்பீஸ் தேதி அவரையே பார்த்தது. வீட்டுக்குப் போன் செய்தார்.

மனைவி முழுக்கக் கேட்டாள்.

"மூணு வருஷம்," என்றாள்.

"ஆமாம்மா."

"பிறக்கறப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்கதானே?"

"இருப்பேன்."

"அப்ப எழுதிக் கொடுத்துட்டு வாங்க. அப்புறம் மூணு பேருமாச் சேர்ந்து சாம்பலைச் சுவாசிச்சுக்கலாம்," என்று சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய என்ஜினீயர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல சாம்பல் கிடங்கை வேணும்னு கேட்ட மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

மனம் மாறிவிடப் போகிறார் என்று பயந்தவர் போல என்ஜினீயர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்துக்குத் தானே போன் செய்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்ட சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"ஆர்டர் போட்டுட்டாங்க. இனிமே நீங்களே நினைச்சாலும் மாத்த முடியாது," என்று கைகுலுக்கினார். "மூணு மாசம் டைம். குழந்தை பிறந்ததும் சொல்லுங்க."

வெளியே வந்தபோது ஸ்டோர் கீப்பருக்கு உடம்பே லேசானது போல இருந்தது. தோற்றதில் வருத்தம் இருந்தது. ஆனால் பதினாறாம் தேதி தப்பித்துவிட்டது. அது போதும்.

கேட்டில் குப்பை லாரி நின்றது. டிரைவர் பில்லிங் தொட்டியைக் கொட்டி முடித்து, ஸ்டோர் தொட்டியை நகர்த்தப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஸ்டோர் கீப்பர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் ஒரு பக்கம் பிடித்தார். பழைய எதிரிக்குக் கடைசி மரியாதை செய்வது போல இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிச் சாய்த்ததும் பீங்கான் சில்லுகள் பெருஞ்சத்தத்தோடு லாரிக்குள் சரிந்து, பில்லிங் அட்டைகளின் மேல் பரவின. அடுத்து மீட்டர் மூடிகள் அவற்றின்மேல் விழுந்தன. கடைசியில் மீசையின் ஹெல்மெட்.

டிரைவர் பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். அப்போதுதான் ஸ்டோர் கீப்பருக்கு ஏதோ விட்டுப்போனது போலத் தோன்றியது.

"ஏங்க, எடை போடாமலேயே எல்லாத்தையும் கொட்டிட்டீங்களே? எந்த ஆபீஸ் குப்பை எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

"தொட்டியை யார் சார் எடை போடறாங்க? குப்பைமேட்டு வாசல்ல லாரியை மொத்தமா ஏத்தி ஒரே எடைதான், அதை நாலால வகுத்து நாலு ஆபீசுக்கும் சரிசமமா எழுதிக் கொடுத்துடுவோம்."